போன வருஷம் நல்லா இருந்தவர்கள்

சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் எப்போதும் இஸ்திரிச் சூடு. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையத்தின் இரைச்சல். மூடினால் மூச்சு முட்டும். அவள் பாதி திறந்து வைத்துவிட்டு, மடிக்கணினியை மறுபடி பார்த்தாள். எத்தனை தடவை கூட்டினாலும் அதே விடைதான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

நலத்திட்டங்களால் மக்களுக்கு நிஜமாகவே நலம் விளைந்ததா என்று அளந்து சொல்வது அவள் வேலை. ஊர் ஊராகப் போவாள், கேள்வி கேட்பாள், அறிக்கை எழுதுவாள். இங்கே வரும் பெண்கள் அவளுக்கு ‘மார்க் மேடம்’ என்று பேர் வைத்திருந்தார்கள். வாரம் ஒரு மதியம், ஒரு நர்ஸ் அக்கம்பக்கத்துப் பெண்களை இந்த அறையில் கூட்டி, ரத்த அழுத்தம் பார்த்து, கைகால் நீட்டவைத்து, மனம்விட்டுப் பேசவும் வைப்பாள். திட்டம் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. தொடக்கத்தில் வேறொரு ஆள் கேட்ட அதே கேள்விகளை அதே பெண்களிடம் மார்க் மேடம் இப்போது கேட்டு முடித்திருந்தாள். அப்போது நன்றாகத் தூங்கியவர்களுக்கு இப்போது தூக்கமில்லை. அப்போது கவலையே இல்லாதவர்களுக்கு இப்போது மலையளவு கவலை. கணக்குப்படி, நர்ஸ் வந்துதான் எல்லோரையும் கெடுத்திருக்கிறாள்.

இந்தக் கணக்கு போனால் மேலதிகாரி திட்டத்தை நிறுத்திவிடுவார். இந்த அறை பூட்டப்படும்.

“நான் என்ன தப்பு பண்ணினேன்னே தெரியலையே மேடம்,” என்றாள் நர்ஸ். பிரஷர் கருவியின் பட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அன்றைய கூட்டத்துக்கு முதலில் படியேறி வந்தவள் தையற்காரி. வாயில் குண்டூசி இல்லாத நேரமெல்லாம் பேசுகிறவள். மார்க் மேடம் அவளிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

“போன வருஷம் நல்லாத் தூங்கறேன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப தூக்கமே இல்லைங்கறீங்க. நடுவுல என்னங்க ஆச்சு?”

“நடுவுல ஒண்ணும் ஆகலை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததிலேர்ந்தே எனக்குத் தூக்கம் கிடையாது.”

“அப்ப ஏன் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?”

“கேட்டது யாரு? கழுத்துல அட்டையை மாட்டிக்கிட்டு ஒரு தம்பி. வாசல்ல நின்னுக்கிட்டு, மனசு சரியா இருக்காங்கறார். உள்ளே என் மாமியார் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. முன்னே பின்னே தெரியாத ஆளுகிட்ட வேற என்ன சொல்றது? நல்லா இருக்கேன்னேன்.”

பின்னாலேயே மூச்சு வாங்க வந்தவள் பால்கடை அண்ணி. ஊருக்கே அண்ணி. “நானும் அதையேதான் சொன்னேன்,” என்றாள். “அந்தத் தம்பியைப் பார்த்தா அவருக்குத்தான் உடம்பு சரியில்லாத மாதிரி இருந்துச்சு. பாவம், சீக்கிரம் வீட்டுக்குப் போகட்டும்னு கேட்டதுக்கெல்லாம் ‘நல்லா இருக்கு’ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

அதற்குள் மற்றவர்களும் வந்து பாய்களை விரித்தார்கள். நர்ஸ் விஷயத்தைச் சொன்னாள். அறை பூட்டப்படலாம் என்பதையும் சொன்னாள்.

“இவ்வளவுதானே? மறுபடி கேக்கச் சொல்லு,” என்றாள் அண்ணி. “சிங்கம் மாதிரி இருக்கோம்னு சொல்லிடறோம். முட்டி வலியா? அது யார் வீட்டு முட்டி?”

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை.

“வேண்டாம் அண்ணி. முட்டி வலிக்குதுன்னு உங்க வாயிலேர்ந்து வாங்கறதுக்குள்ள எனக்கு ஒரு மழைக்காலமே போயிடுச்சு. திரும்பவும் பொய் சொல்லச் சொல்லி இந்த அறையைக் காப்பாத்தினா, அப்புறம் இந்த அறை எதுக்கு?”

அண்ணி முட்டியை நீவிக்கொண்டாள். கீழே இஸ்திரிப் பெட்டி மேஜையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

மார்க் மேடம் பிடிக்க வேண்டிய பஸ் கிளம்பும் நேரம். பையைக்கூடக் கட்டி வைத்திருந்தாள்; உடம்பு வீட்டுக் கட்டிலுக்குக் கெஞ்சியது. பையைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“ஒரே ஒரு கேள்வி. இப்ப யார்கிட்டயும் ஒளிக்க வேண்டாம். போன வருஷத்தைத் திரும்பிப் பாருங்க. நிஜமா அப்ப எப்படி இருந்தீங்க?”

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். தையற்காரி அப்போது விளக்கை அணைக்கவே பயந்தவள். இப்போதும் தூக்கம் இல்லை, ஆனால் பயம் இல்லை. அண்ணி அப்போது பிரஷர் மாத்திரையை மருமகளுக்குத் தெரியாமல் பால் கேனுக்குப் பின்னால் ஒளித்தவள். இப்போது மருமகளே எடுத்துக் கொடுக்கிறாள். ஒருத்தி ஆரம்பித்துவிட்டு அழுதாள். ஜன்னலுக்கு வெளியே பஸ் போய்விட்டது.

மாலையில் மார்க் மேடம் மேலதிகாரிக்குப் போன் செய்தாள்.

“அப்ப நம்ம ஆள் எடுத்த முதல் கணக்கே தப்புங்கறீங்க.”

“ஆமா சார். நல்லா இருக்கேன்னு சொன்னதை நம்பிட்டோம்.”

“ஞாபகத்துலேர்ந்து சொன்னதை யாரும் ஏத்துக்க மாட்டாங்கம்மா.” நீண்ட பெருமூச்சு. “ஆறு மாசம் தர்றேன். இப்ப எடுத்ததை முதல் கணக்கா வச்சுக்குங்க. ஆனா அடுத்த தடவையும் நீங்கதான் போய் அளக்கணும்.”

அலைச்சல் வேண்டாம், ஆபீஸிலேயே ஒரு வேலை கொடுங்கள் என்று இந்த வாரம் கேட்பதாக இருந்தாள். “சரி சார்,” என்றாள். கதவருகே நின்று கேட்ட நர்ஸ், படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பஸ் நிலைய பெஞ்சில் மார்க் மேடம் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கணவன் கூப்பிட்டான். தினமும் கேட்கும் அதே கேள்வி.

“நல்லா இருக்கியா?”

பழகிய பதில் நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு யாரும் இல்லை. கேட்பவன் அட்டை மாட்டிய தம்பியும் இல்லை.

“இல்லைங்க. முடியலை. ரொம்ப நாளாவே முடியலை.”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான் போல.

“தெரியும்,” என்றான். “நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்.” அப்புறம், “எனக்கும் முதுகு சரியில்லை. அலைஞ்சுட்டு வர்றவகிட்ட எதுக்குன்னு சொல்லலை.”

“நேத்து நல்லா இருக்கேன்னீங்களே?”

“நீயும்தான் சொன்னே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது; அதற்கும் தெம்பில்லாமல் பாதியிலேயே நின்றது. பஸ் வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“முதுகுல எங்கே வலிக்குது? மேலேயா, இடுப்புப் பக்கமா?” என்று கேட்டபடியே படியேறினாள்.