ஷாக்கப்சர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் காருக்கு வயது அதிகம். என் வீட்டுக்காரர் ஜெகதீசன் அதை வாங்கும்போதே மூன்று பேர் ஓட்டித் தள்ளியிருந்தார்கள். வாங்கிய பிறகு இவர் மட்டும் சும்மா விட்டாரா? பின்சீட்டை மடித்துப்போட்டு நெல் மூட்டை, உர மூட்டை, ஒரு தடவை கன்றுக்குட்டி என்று ஏற்றாதது எதுவுமில்லை. பின்பக்கம் தாழ்ந்துபோனதும் ஸ்பிரிங்குக்கு நடுவில் ஒரு ரப்பர் கட்டையைச் சொருகிவிட்டு, சரியாகிவிட்டது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். கார் உயர்ந்தது உண்மைதான், ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. ஒரு பள்ளத்தில் விழுந்தால் அடுத்த பள்ளம் வரும்வரை பின்பக்கம் எழுந்து எழுந்து விழும்.

அந்தக் காரில்தான் நான் ஐந்தாம் மாத வயிற்றோடு திருப்புலிவனத்திலிருந்து உத்திரமேரூர் டாக்டரம்மாவிடம் போய்வந்துகொண்டிருந்தேன்.

இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. அதனால் இந்தத் தடவை வீட்டில் யாரும் சத்தமாகச் சந்தோஷப்படவில்லை. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். “நஞ்சுக்கொடி முன்பக்கமா இருக்கும்மா. அசைவு தெரிய கொஞ்சம் லேட்டாகும். ரோட்டு ஆட்டத்தால குழந்தைக்கு ஒன்னும் ஆகாது. உன் இடுப்புதான் போயிடும்” என்று சிரித்தார். காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று போன தடவைகளிலும்தான் சொன்னார்கள். எனக்கு ஸ்கேன் படம் வேண்டாம். உள்ளே இருப்பது ஒரே ஒரு தடவை அசைந்து, நான் இருக்கிறேன் என்று எனக்குச் சொன்னால் போதும்.

திரும்பி வரும்போது ஏரிக்கரை ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இவர் என் பக்கம் திரும்புவார்.

“அசைஞ்சுதா ஹேமா?”

“உங்க வண்டிதான் அசைஞ்சுது. ரோட்டப் பாருங்க.”

எரிந்து விழுவேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் உடம்பில் அந்த ஆட்டம் அடங்காது. எது கார், எது நான், எது குழந்தை என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அன்றைக்குத்தான் இவர் பின் ஷாக்கப்சர் இரண்டையும் மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். அதுவும் தன் கையாலேயே. ஒர்க்‌ஷாப்பில் விடுங்களேன் என்றேன். “நம்ம வண்டிய நானே பாக்கறேன்” என்று போனில் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிட்டார். பரீட்சைக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு படித்திருக்க மாட்டார்.

துணைக்குப் பக்கத்து வீட்டு வேதகிரி மாமா வந்தார். இவருடைய பெரியப்பா மகன், மூத்தவர் என்பதால் எனக்கு மாமா முறை. டிராக்டர் வைத்திருப்பதால் ஜாக்கி, பனங்கட்டை, பெரிய பெரிய ஸ்பேனர் எல்லாம் அவரிடம் உண்டு. கூடவே மூட்டை மூட்டையாகச் சாஸ்திரமும் உண்டு. பிள்ளைத்தாச்சியின் வீட்டுக்காரன் சவரம் செய்யக் கூடாது, சாவுக்குத் தோள் கொடுக்கக் கூடாது, தேங்காய் பூசணிக்காய் என்று எதையும் உடைக்கக் கூடாது. போன தடவைகளில் இவர் அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. இந்தத் தடவை சாமியார் மாதிரித் தாடியோடு கம்பெனிக்குப் போய்வந்தார். ஆயுத பூஜைக்குக் காரின் முன்னால் பூசணிக்காய் உடைத்தது மாமாதான். நான் இதையெல்லாம் கேலி பேசுவேன். கேலி பேசுவேனே தவிர, நிறுத்துங்கள் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாஷ்டா முடிந்ததும் வாசலில் வேலை ஆரம்பித்தது. முன் சக்கரங்களுக்குச் செங்கல் அண்டைகொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, பாடிக்குக் கீழே பனங்கட்டைகளை நிறுத்தினார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்பேனரும் யோசனையும் எடுத்துக் கொடுத்தேன். ஸ்பேனரை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சக்கரத்தைக் கழற்றியதும் இவர் ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொடுத்துத் தாங்கவைத்தார். இல்லாவிட்டால் ஷாக்கப்சரைக் கழற்றும்போது அச்சு கீழே தொங்கிவிடுமாம். வீடியோ வீண்போகவில்லை.

வலது பக்கம் சுலபமாக வந்துவிட்டது. கழற்றியதை இவர் தரையில் நிறுத்தி அழுத்தினார். எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்த அந்தத் தண்டு பொசுக்கென்று இறங்கியது. கையை எடுத்தார். இறங்கியது இறங்கியபடியே கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

“அதத் தூரப் போடுங்க” என்றேன்.

புதியதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார். தண்டை உள்ளே அமுக்கி ஒரு பட்டையால் கட்டி வைத்திருந்தார்கள். என் காலருகில் நிறுத்திப் பட்டையை வெட்டினார். அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. பளபளவென்ற அந்தத் தண்டு, துள்ளாமல் குதிக்காமல், அதன்பாட்டுக்கு மெதுவாக மேலே எழுந்து வந்தது.

“இன்னாங்க இது, தானா வருது?”

“உள்ள கேஸும் எண்ணெயும் கீது. அழுத்திப் பாரேன்.”

இரண்டு கையாலும் அழுத்தினேன். அவசரப்பட்டால் இடம் கொடுக்கவில்லை. நிதானமாக அழுத்தினால் நிதானமாக இறங்கியது. விட்டதும் மறுபடி அதே நிதானத்தோடு எழுந்து வந்தது. இரும்புக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு என் கையை மரியாதையாகத் திருப்பி அனுப்புவது போலிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காரைத் தாங்குவது ஸ்பிரிங் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தாங்குவது அதுதானாம். ஆனால் ஸ்பிரிங்குக்குத் துள்ள மட்டும்தான் தெரியும், போதும் என்று அதை அடக்குவது இந்தச் சின்னக் குழாயாம். மாமாகூட வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவரையே நாலு தடவை அழுத்தவிட்டுத்தான் அதை வண்டியில் மாட்டினோம்.

இடது பக்கம்தான் படுத்தியது. கீழ் போல்ட்டு துருப்பிடித்து அச்சோடு அச்சாக ஒட்டிக்கொண்டிருந்தது. டீசல் ஊற்றினார்கள், துரு ஸ்பிரே அடித்தார்கள், அசையவில்லை. மாமா ஒரு நீளமான பைப்பைக் கொண்டுவந்து ஸ்பேனரில் மாட்டினார். அந்த நேரம் பார்த்து நிலத்தில் த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டதாகப் போன் வந்தது. கரண்ட் இருக்கும்போது மோட்டாரைப் போடாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

“நான் மோட்டாரப் போட்டுட்டு வந்துடறேன். நீ தொடாத நைனா. இது ஒடிஞ்சாலும் ஒடியும். நீ எதையும் ஒடைக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

இவர் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் பைப்பைப் பிடித்தார். லேசாகத்தான் பிடித்தேன் என்று பிற்பாடு சொன்னார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பைப்பின் நுனியில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். டப்பென்று ஒரு சத்தம். பைப்பு தரையில் விழுந்தது. நட்டோடு சேர்ந்து பாதிப் போல்ட்டு இவர் காலடியில் உருண்டது.

ஒடிந்துவிட்டது.

துருப்பிடித்த போல்ட்டு ஒடியத்தான் செய்யும். ஒடியும் என்று தெரிந்துதான் புது போல்ட்டும் சேர்த்து வாங்கி வைத்திருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் என் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது. இவர் அதைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்திருக்கிறேன். கேலி பேசி அதை மாற்றிவிடலாம் என்று பார்த்தால், எனக்கே பயமாக இருந்தது. வயிற்றுக்குள் எந்தச் சலனமும் இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

மாமா திரும்பி வந்தார். தரையில் கிடந்த துண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். துண்டைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள வரைக்கும் துரு. எப்பவோ ஒடிஞ்சிட்டது இது. நீ கைய வெச்சப்ப கீய வியுந்துது, அவ்ளோதான். சொம்மா மூஞ்சத் தூக்கி வெச்சுக்காத, சுத்தியல எடு” என்றார். அவர் எதற்கும் சமாதானம் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மீதித் துண்டை மாமாவே தட்டி வெளியே தள்ளினார். புது ஷாக்கப்சர், புது போல்ட்டு. ஸ்பிரிங்கில் இருந்த ரப்பர் கட்டையையும் பிடுங்கி எறிந்தார்கள். சக்கரத்தை மாட்டி, காரைத் தரையில் இறக்கி, அதன் பாரம் அதன் காலில் நின்ற பிறகு கீழ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கினார்கள். இவர் பின்பக்க மூலையை முழு பலத்தோடு அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் ஒரு தடவை எழுந்தது, நின்றுவிட்டது. எங்கள் காரா இது என்று இருந்தது.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்ததும் இவர் ஓட்ட மாட்டேன் என்று இறங்கிவிட்டார். பழத்தை நசுக்குவதும் உடைப்பதுதானாம். மாமா ஏறிப் பழத்தின்மேல் ஓட்டி, தெருமுனையில் சாவியைக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஏரிக்கரைக்குப் போனோம். மழையில் ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்துகொண்டிருந்தது. கரையை ஒட்டிய முதல் பள்ளம் எனக்கு மனப்பாடம். சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டொம் என்று ஒரு சத்தம் வந்தது. அதன்பிறகு வரவேண்டிய ஆட்டத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது வரவேயில்லை. அடுத்த பள்ளமும் அப்படியே. இறங்கினோம், ஏறினோம், முடிந்தது. ரோடு அதே ரோடுதான், பள்ளமும் அதே பள்ளம்தான். என் பிடி தானாகத் தளர்ந்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு என் உடம்பு அதன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயந்துபோய் ரோட்டையே பார்த்து ஓட்டினார்.

அப்போதுதான் அது வந்தது. அடிவயிற்றில், காய்கிற பாலில் முதல் குமிழி எழுவது போல.

“நிறுத்துங்க!”

பிரேக் போட்ட வேகத்தில் இறங்கி ஓடினார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். சேற்றில் மல்லாந்து காருக்கு அடியில் போயிருந்தார்.

“இன்னா சத்தம் ஹேமா? அந்தப் போல்ட்டா? நான் ஒடைச்சனே, அதுவா?” கீழேயிருந்து வந்த குரல் உடைந்திருந்தது.

“அங்க ஒன்னும் இல்லைங்க. மேல வாங்க.”

தாடியெல்லாம் சேறோடு வந்து நின்றார். கதவைத் திறந்து, அந்த எண்ணெய்க் கையை இழுத்து என் வயிற்றின்மேல் வைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு சுற்றி ஓடிப்போய், இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்ப வந்து அதே இடத்தில் கையை வைத்தார்.

கலங்கலில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து மறுபடி வந்தது, முன்னைவிட நிதானமாக, காலையில் அந்தத் தண்டு உள்ளிருந்து என் கையைத் திருப்பி அனுப்பியதுபோல. அவர் கைக்கு அது எட்டியிருக்காது. என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

“அசைஞ்சுதா?” என்று கேட்டார்.

“அசைஞ்சுது” என்றேன். “இது உங்க வண்டி இல்லைங்க.”