புயலுக்கு நிறுத்திய மெயின் சுவிட்ச்

வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பு எடுத்து முடித்துக்கொண்டு நான் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எங்கள் ஒழுங்கை மட்டும் இருண்டு கிடந்தது. பிரதான வீதியில் விளக்குகள் எரிந்தன. வீட்டுக்குள் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரிகள். மே மாதம் முழுக்கச் சுரூபம் வீடு வீடாகப் போகும். அன்று எங்கள் முறை. செபமாலை நடந்துகொண்டிருந்தது.

இருட்டுக்குக் காரணம் அம்மா. சூரியப் புயல் வருகிறது, மெயின் சுவிட்ச்சை நிறுத்தாவிட்டால் வயரெல்லாம் எரியும், மகள் சொன்னவ என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியிருக்கிறார். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என் பட்டமளிப்புப் படம் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்தப் படத்தை நம்பி ஒழுங்கையே இருட்டில் இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

நான் சொன்னது வேறு. முதல் நாள் சூரியப் புயல் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது விளக்கினேன். சூரியனிலிருந்து மின்னேற்றமுள்ள துகள்கள் எப்போதும் காற்றாக வீசுகின்றன. சில வேளை சூரியன் வெடித்து ஒரு பெரிய திரளை எறியும். அது தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வரும். பூமியின் புலம் வடக்கே பார்க்கிறது. வருகிற புலம் தெற்கே பார்த்தால் இரண்டும் பிணைந்து, கதவு திறந்ததுபோல் சக்தி உள்ளே கொட்டும். பூமியின் புலம் ஆட்டம் காணும். நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் ஓடும், ட்ரான்ஸ்போமர் எரியலாம். அவ்வளவையும் தமிழில் சொன்னேன். அப்போது போன் அடித்தது. "லோ லட்டிடியூட்ஸ்ல இம்பெக்ட் நெக்லிஜிபிள், அம்மா" என்று, இங்கே பாதிப்பு இராது என்பதை மட்டும் ஆங்கிலத்தில் முடித்துவிட்டு எழுந்து போனேன்.

இப்போது பக்கத்து வீட்டு நிக்கலஸ் அங்கிள் நினைவுக்கு வந்தார். துறைமுகத்தில் வேலை செய்து நெஞ்சு பழுதானவர். ஒட்சிசன் மெஷின் இல்லாமல் அவருக்கு மூச்சு இல்லை. அவருடைய மகள் டோரின் அக்கா இங்கே முழந்தாளில் இருந்தார்.

"மெஷின்?" என்று கேட்டேன்.

"அதையும் நிப்பாட்டினனான். செபம் முடியிறவரைக்கும் சமாளிக்கிறன் எண்டு அப்பா சொன்னவர். நீங்கள் சொன்னதெண்டுதானே, தங்கச்சி."

ஓடினோம். மெயினைப் போட்டேன். அங்கிள் உதடு நீலம் பாரித்து, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். குழாயை மூக்கில் வைத்த பிறகும் நிறம் திரும்ப நேரம் எடுத்தது. பேச முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"புயல் போயிட்டுதோ, பிள்ளை?"

திரும்பி வந்து எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன்: "நான் அப்பிடிச் சொல்லேல்ல. இஞ்ச ஒண்டும் எரியாது. அம்மா பிழையாச் சொன்னவ."

அம்மா செபமாலையைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"எனக்கு விளங்கிற மாதிரி கடைசிவரைக்கும் சொன்னனியோ, மகள்?"

நான் போய் எங்கள் வீட்டு மெயினைப் போட்டேன்.

மறுநாள் சுரூபம் டோரின் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரிதான் பாட்டெடுத்துத் தூக்கிப்போய் அடுத்த வீட்டுக்காரியின் கையில் கொடுப்பது வழக்கம். அம்மா சுரூபத்தை என் கையில் வைத்துவிட்டு ஆட்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். யார் பாட்டெடுப்பது என்று தெரியாமல் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு பாட்டில்லாமலே நடந்தோம்.

டோரின் அக்கா என் முகத்தைப் பார்க்காமலே வாங்கினார். உள்ளே மெஷின் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலால் குரலை உயர்த்திச் செபம் சொன்னோம்.