பாய்க்குக் கீழே கிட்டம்

பித்தளையை உருக்கி ஊற்றிய பிறகு, உருக்கும் மண்கலமான மூசையின் அடியிலும் அடுப்புச் சாம்பலிலும் கறுப்பாக ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கிட்டம் என்று பெயர். பார்த்தால் கரிக்கல் போலத்தான் இருக்கும், நீங்கள் காலால் தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். உரலில் இடித்து, மரவை என்கிற குழிந்த மரத்தட்டில் அள்ளித் தண்ணீரில் ஆட்டி அரித்தால் சாம்பலும் தூளும் மேலாக வழிந்து ஓடும். அடியில் கேப்பை மணி அளவில் பித்தளை தங்கும். அதை மறுபடி உருக்கலாம். வில்லாபுரம் கண்மாய்க் கரையில் பதினாறு வருஷமாக அந்த வேலையைச் செய்தவள் முருகம்மாள். அவள் உள்ளங்கையை ஒருநாள் தொட்டுப் பார்த்தேன், கண்ணுகளா. தொட்டிருக்க வேண்டாம் என்று இருந்தது.

வழிந்த தூள் பக்கத்துக் குழியில் படியும். அதை யாரும் சீந்த மாட்டார்கள். முருகம்மாள் மட்டும் பொழுது சாய்ந்ததும் ஒரு கூடை சுமந்து போய்த் தன் வீட்டுத் தரையில் கொட்டி மேடாக மெத்துவாள். மூலையில் தொடங்கி வீடு முழுக்க மெத்தி முடிக்க வருஷக்கணக்கானது. கண்மாயை ஒட்டின வீடு அது. ஐப்பசி பிறந்தால் தரையே வியர்க்கும். தூள் முழங்கால் உயரம் ஏறிய பிறகுதான் அவள் புருஷன் ஆண்டிச்சாமி காய்ந்த இடத்தில் படுக்க முடிந்தது. அவன் அடுப்பு வேலைக்காரன். பித்தளை கொதிக்கையில் கிளம்பும் வெள்ளைப் புகை அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. ஈரம் பட்டால் இரண்டு நாளைக்கு மூச்சுக்குத் தவிப்பான். போன தடவை பிழைத்ததே பெரிது.

யுத்தம் தொடங்கி நாலு வருஷமாகியிருந்தது. செம்பு கண்ணிலேயே படவில்லை. அவர்கள் வேலை பார்த்த பட்டறைக்காரர் பாதுஷா ராவுத்தரின் ஐந்து அடுப்பில் நாலு அணைந்துவிட்டது. கரையில் கிடந்த பழைய தூளையெல்லாம் மறுபடி அரித்துப் பார்த்தார். அதுவும் தீர்ந்தபோது முருகம்மாள் வீட்டுத் தரை ஞாபகம் வந்தது. மழை கட்டி நின்ற ஒரு காலையில் இரண்டு மண்வெட்டிக்காரர்களோடு வாசலில் வந்து நின்றார்.

"முருகம்மா, எனக்கே கேக்கக் கூசுது. தரையைத் தோண்டணும். அரிச்சதும் அம்புட்டையும் திருப்பிக் கொட்டிருதேன்."

"கொட்டுவீக. அது காயத் தை பொறந்துரும். அதுவரைக்கும் இந்த மனுசனை எங்கிட்டுப் போடுறது? உத்தரத்துல கட்டித் தொங்கவிடவா?"

"அந்த ஒத்தை அடுப்பும் அணைஞ்சா எட்டுக் குடும்பம் தெருவுல நிக்கும். அதுல ஒன்னோடதும் ஒண்ணு."

"நான் அரிச்ச தூளு ராவுத்தரய்யா. அதுல ஒரு பொட்டு கெடைக்காது."

ராவுத்தர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மண்வெட்டிக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது உள்ளேயிருந்து ஆண்டிச்சாமி இருமினான்.

"இந்த மூலையில தோண்டுங்க ராவுத்தரே. என் பாய்க்குக் கீழ."

"இந்தாய்யா, வாயை மூடிக்கிட்டுக் கிட" என்றாள் முருகம்மாள்.

"மொத ரெண்டு வருசம் இவளுக்கு மரவை ஆட்டத் தெரியாது. கஞ்சியைக் கலக்குற மாதிரிக் கலக்குவா. பித்தளையும் சேந்து வழிஞ்சு போயிரும். அந்தத் தூளுதான் இங்க கெடக்கு. நடுவுல வெட்டுனா ஒங்களுக்குக் கைதான் வலிக்கும்."

முருகம்மாள் அவனையே பார்த்தாள். "ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும். சொன்னா இவரு ஒன்னைய வேலைய விட்டு நிறுத்தியிருப்பாரு."

"நிறுத்தித்தான் இருப்பேன்" என்றார் ராவுத்தர்.

நடுவீட்டில் ஒரு கூடையும் மூலையில் ஒரு கூடையும் வெட்டி எடுத்தார்கள். முருகம்மாள்தான் கரைக்குக் கொண்டுபோய் அரித்தாள். வேறு யாரையும் மரவையைத் தொட விடவில்லை. நடுவீட்டுத் தூள் சுத்தமாக ஓடிப்போனது. மரவையின் அடியில் மரம்தான் தெரிந்தது. மூலைத் தூளை ஆட்டுகையில், இதுவும் ஓடிவிட வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். ஓடவில்லை. மஞ்சள் மணிகள் ஒரு பிடிக்குக் குறையாமல் தங்கின. அவள் தலையை நிமிர்த்தாமல் மரவையை ராவுத்தர் பக்கம் நகர்த்தினாள்.

மூலையை மட்டும் ஒரு கட்டில் அளவுக்கு வெட்டினார்கள். மற்ற தரையை யாரும் தொடவில்லை. ஆண்டிச்சாமியைப் பாயோடு தூக்கி நடுவீட்டில் போட்டார்கள். பள்ளத்தில் ராவுத்தர் ஒரு வண்டி ஓட்டாஞ்சல்லி கொண்டுவந்து கொட்டி நிரப்பினார். அடுத்த நாளே மழை பிடித்துக்கொண்டது.

கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு முருகம்மாள் அந்த மூலைத் தூள் முழுவதையும் தானே உட்கார்ந்து அரித்தாள். எட்டு நாள் ஆனது. பட்டறையில் ஒற்றை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கடைசிக் கூடையை முடித்துவிட்டு வந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் என்னென்ன குத்தம் கண்டு வச்சிருக்க?"

"கொஞ்சம் இருக்கு" என்றான் அவன். "மழை விடட்டும். ஒண்ணொண்ணாச் சொல்றேன்."