ஸ்டார்ட் செய்யாமல் வாங்கிய வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவன் பெட்ரோல் டின்னைக் கையோடு கொண்டு போகக் கூடாது. இது நானாக வைத்துக்கொண்ட சட்டம். நின்று கிடக்கிற வண்டி நின்றபடியே இருக்கட்டும். ஓடும் என்று காட்டுவது விற்கிறவன் பாடு. ஓடாது என்று சொல்லி விலையைக் குறைப்பது என் பாடு. இதில் பாவ புண்ணியம் பார்க்கிறவன் கோயிலில் போய் மணியாட்டலாம். மலாக்காவின் காஜா பெராங்கில் கார்க் கொட்டகை வைக்க வேண்டாம்.

அப்துல் கய்யூம் பாயின் எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்க அன்றைக்கும் டின் இல்லாமல், மடியில் பணத்தோடு மட்டும்தான் போனேன்.

சுதந்திரக் கொடி ஏறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். போகிற அவசரத்தில் காரையும் நாயையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார்கள். நல்ல நல்ல வண்டிகளே என் கொட்டகையில் தூசி படிந்து கிடந்தன. பத்து வயதான, இரண்டு பேர் மட்டுமே உட்காருகிற, லட்சம் மைலைத் தொடப் போகிற வண்டியை எவன் வாங்குவான்? ஆனாலும், சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பச்சை எம்.ஜி. மேல் எனக்கு வெகு நாளாக ஒரு கண் இருந்தது.

கய்யூம் பாய் துணி வியாபாரி. மூவார், பத்து பஹாட், தம்பின் என்று ஊர் ஊராக ஆர்டர் பிடிக்க அதில்தான் சுற்றுவார். பக்கத்து சீட்டில் துணிக்கட்டு இருக்கும். இல்லாத நாளில் மூத்த மகள் ஹலீமா இருப்பாள். மனைவி ரோஷன் பீவி ஒரு நாளும் அதில் ஏறியதில்லை. "இந்தச் சனியனை எப்பத்தான் தொலைப்பீங்க" என்று அந்தம்மா கத்துவது தெருவுக்கே கேட்கும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் பாய்க்கு நெஞ்சுவலி வந்தது. டாக்சி வேண்டாம் என்று தானே வண்டியை எடுத்தார். பக்கத்தில் ஹலீமா. ஆஸ்பத்திரி மேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றுவிட்டது. மகளை ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிவிட்டு இறங்கித் தள்ளினார். தள்ளும்போதே விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவரை இறக்கும்போது உயிர் இல்லை. வண்டியை யார் யாரோ தள்ளிக்கொண்டு வந்து வீட்டு வாசல் கூரையின் கீழே விட்டார்கள். அதற்கப்புறம் அது அங்கேயே கிடந்தது.

நான் போனபோது பாயின் தம்பி ஹனீபா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாசாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். விஷயத்தை மென்று விழுங்காமல் சொன்னார்.

"சேதுபதி, ஒளிச்சுப் பேசலை. அண்ணனுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை. மார்க்கப்படி இந்த வீட்டுல எனக்கும் பங்கு இருக்கு. என் கடையும் படுத்துக் கெடக்கு. வண்டி ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்குப் போச்சுன்னா, அதை என் பங்கா எடுத்துக்கிட்டு வீட்டைத் தொட மாட்டேன். போகலைன்னா வீட்டைத்தான் விக்கணும்."

"வித்துட்டா அவங்க எங்க போவாங்க பாய்?"

"செமாபோக்ல ஒரு ரூம் பாத்து வெச்சிருக்கேன்."

ஒரு ரூம். ஒரு விதவை, கல்யாணத்துக்கு நிற்கிற ஒரு மகள், பள்ளிக்கூடம் போகிற இன்னொருத்தி. எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் வீட்டுச் சண்டைக்கு நான் வரவில்லையே, கார் வாங்கத்தானே வந்தேன் என்று நினைத்துக்கொண்டு கித்தான் உறையை விலக்கினேன்.

ரோஷன் பீவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் உள்ளேயே இருக்க வேண்டும். கதவில் கனத்த திரை தொங்கியது. அதற்கு உள்ளே அவர். வெளியே, முக்காடு போட்டுக்கொண்டு ஹலீமா. பத்தொன்பது வயதிருக்கும். அம்மா மெதுவாகச் சொல்வதை மகள் எங்களிடம் எடுத்துச் சொல்வாள். உள்ளே பேசுவது எனக்கே கேட்டது. இருந்தாலும் மகள் சொல்லும் வரை காத்திருப்பதுதான் மரியாதை.

"மைல் மீட்டரைப் பாருங்க பாய்" என்று ஆரம்பித்தேன். "இவ்வளவு ஓடின இன்ஜின்ல இனி என்ன மிச்சம் இருக்கும்?"

ஹலீமா திரைப் பக்கம் காதைக் கொடுத்தாள். "போன வருஷம்தான் சிங்கப்பூர்ல இருந்து சாமான் வரவழைச்சு இன்ஜினைப் பிரிச்சு மாட்டினாங்களாம். அம்மாவோட வளையல் ரெண்டு அதுக்குத்தான் போச்சாம்."

"கதவு தொங்குது. உள்ள மரச்சட்டம். கரையான் வெச்சிருக்கும்."

"ஒரு கதவுதான் தொங்குதாம். அத்தா அந்தப் பக்கமாத்தான் எப்பவும் ஏறுவாங்களாம்."

"மேல் கித்தான் கிழிஞ்சிருக்கு."

இதற்கு அவள் அம்மாவைக் கேட்கவில்லை. "அதை நான் தைச்சிட்டேன். விரிச்சுப் பாருங்க."

விரித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் தைத்திருந்தாள். வண்டி மேல் தூசி இல்லை. விளக்குக் கண்ணாடியில் என் மூஞ்சி தெரிந்தது. தொள்ளாயிரம் என்றேன். ஹனீபா தலையை ஆட்டினார்.

பேட்டரி பாதி இறங்கியிருந்தது, ஸ்டார்ட்டரை இழுக்கவில்லை. முன்பக்கம் கைக்கம்பியை மாட்டிச் சுற்றினேன். நல்ல இறுக்கம். உள்ளே இன்ஜின் சுகமாக இருக்கிறது என்று கைக்கே தெரிந்தது. ஆனால் எத்தனை தடவை சுற்றியும் ஒரு இருமல்கூட வரவில்லை. அந்த வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் கிடையாது. பின்னால் மூடியைத் திறந்து குச்சி விட்டுத்தான் பார்க்க வேண்டும். நான் ஏன் பார்க்கிறேன்? கம்பியைக் கழற்றி, உதட்டைப் பிதுக்கினேன்.

"பாய், இது ஊருக்கே தெரிஞ்ச வண்டி. உசிர் போற நேரத்துல மனுஷனை நடுரோட்டுல இறக்கி விட்ட வண்டி. இதை இனிமே எவன் தொடுவான்? எழுநூறு வெள்ளி. அதுவும் உங்க அண்ணன் மொகத்துக்காக."

"இந்த வண்டி அத்தாவை ஏமாத்தாது" என்றாள் ஹலீமா. உள்ளிருந்து யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே சொன்னாள். "வீட்டுல எல்லாரும் இதைத்தான் கரிச்சுக் கொட்டுறாங்க. அம்மாவும்தான். ஆனா ஏமாத்தாது."

"ஏமாத்திருச்சேம்மா" என்றார் ஹனீபா. பிறகு திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மதினி, கேட்டீங்கள்ல. எழுநூறுக்கு நான் என்ன பண்ணட்டும்? வீட்டை விக்கிறதைத் தவிர வழி இல்லை."

ஹலீமா காதைத் திரையருகே வைத்துக் காத்திருந்தாள். அப்போது ரோஷன் பீவி நேராக எங்களிடமே பேசினார். தெருவுக்கே கேட்கிற அந்தப் பழைய குரல் இல்லை அது.

"வண்டி மேல தப்பில்லை. டாங்க்ல பெட்ரோல் இல்லை."

ஹனீபா நாற்காலியில் நிமிர்ந்தார்.

"வண்டி ஓட்டக் கூடாது, படுத்து ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க அண்ணன் கேக்கலை. விடிஞ்சா மூவாருக்குப் போறேன்னாரு. அவர் தூங்கினப்புறம் ரப்பர் குழாயை விட்டு நான்தான் பெட்ரோலை எடுத்துக் கால்வாய்ல ஊத்தினேன். வண்டி எடுக்கலைன்னா வீட்டுல இருப்பாருன்னு செஞ்சேன். காலையில வலிக்குதுன்னு எந்திரிச்சாரு. டாக்சி கூப்பிடலாம்னு கெஞ்சினேன். கேக்கலை. ஏன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அடியில கொஞ்சம் கெடக்கும், ஆஸ்பத்திரி வரைக்கும் போயிடும்னு நெனைச்சேன். நல்ல வண்டி. ஆயிரத்தைந்நூறுக்குத் தகும்."

நான் ஹலீமாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைகள்தானே அன்றைக்கு ஸ்டியரிங் பிடித்தவை.

ஹனீபா எழுந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது. "அடுத்த கடையில பெட்ரோல் வாங்கிட்டு வர்றேன். ஊத்திச் சுத்திப் பாத்துருவோம். ஸ்டார்ட் ஆகலைன்னா இது வீட்டுக்காகச் சொல்ற பொய். ஆச்சுன்னா எங்க அண்ணனைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சு போகும்."

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. இந்த ஆள் மேல், அந்தம்மா மேல், செத்துப்போன பிடிவாதக்கார பாய் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக இருநூறு வெள்ளியைக் குறைக்க என் வாயில் வந்த பேச்சு மேல். ஒரு பொம்பளை புருஷனைக் கொன்றாளா இல்லையா என்று பார்க்கவா நான் இன்ஜின் சுற்றப் பழகினேன்?

"உக்காருங்க பாய்" என்றேன். "வாங்குறவன் நான். எனக்குச் சுத்திப் பாக்க வேணாம். ஆயிரத்தைந்நூறு. இப்படியே எடுத்துக்குறேன்."

"ஸ்டார்ட் பண்ணாமலேயா?"

"இப்படியே. ஆனா சொன்ன சொல் மாறக் கூடாது. வீட்டைத் தொட மாட்டேன்னு இந்தப் பிள்ளை முன்னால சொல்லுங்க."

பணத்தைப் பார்த்ததும் சொன்னார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, திரைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். நான் வண்டிக் கதவோரம் நின்று ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். அது திடீரென்று லேசானது. திரும்பிப் பார்த்தால் பின்னாலிருந்து ஹலீமா தள்ளுகிறாள். அவள் அத்தா கை வைத்துத் தள்ளிய அதே இடம். உள்ளே போம்மா என்றேன். வாசல் கேட் வரைக்கும் தள்ளிவிட்டு நின்றாள். வீட்டுக்குள் உடனே போகவில்லை.

என் கொட்டகை அதே சாலையின் மறுகோடியில் இருந்தது. அன்றைக்கு முழுக்க வண்டியைத் தொட எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஆசை மட்டும் இருந்தது. அந்தம்மா பொய் சொல்லியிருக்க வேண்டும். வீட்டைக் காப்பாற்ற நாக்கில் வந்த கதையைச் சொல்லி என்னை ஏமாற்றியிருக்க வேண்டும். வியாபாரத்தில் நான் ஏமாந்திருக்க வேண்டும் என்று நானே ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை மூடியைத் திறந்து குச்சியை விட்டேன். காய்ந்த குச்சியாகவே வெளியே வந்தது. ஒரு டின் பெட்ரோல் ஊற்றி, வேறு பேட்டரி மாட்டி, கைக்கம்பியைச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் எடுத்தது. அவ்வளவு சுத்தமான சத்தம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு தாங்க முடியாமல் அணைத்தேன்.

கையைத் துடைக்கும்போது ஹலீமா வந்தாள். கித்தான் உறையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"ஸ்டார்ட் ஆச்சாண்ணே?"

"எங்க ஆச்சும்மா. பெட்ரோல் ஊத்தி மாஞ்சு மாஞ்சு சுத்திட்டேன். உசிரே இல்லை. அன்னைக்கு டாங்க் நெறைய இருந்திருந்தாலும் நின்னுதான் போயிருக்கும்."

வண்டி ஓடும் என்று எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். சொந்த வண்டியை ஓடாது என்று சொன்னதில்லை.

ஹலீமா பானெட்டின் மேல் கையை வைத்தாள். உடனே எடுக்கவில்லை.

"சூடா இருக்குண்ணே."

நான் துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

"நேத்துல இருந்து அம்மா ஒரு வாய் தண்ணி குடிக்கலை. நானும் பேசலை. பேச வரலை." அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை, குரலில் இரக்கமும் இல்லை. "பெட்ரோல் ஊத்தியும் ஸ்டார்ட் ஆகலைன்னு சொல்லிடுறேன். நீங்களும் ஊர்ல அப்படியே சொல்லணும். ஹனீபா சாச்சா வந்து கேட்டாலும்."

ஸ்டார்ட் ஆகாத ஸ்போர்ட்ஸ் காருக்கு மலாக்காவில் எவனும் முந்நூறு வெள்ளிக்கு மேல் தர மாட்டான். இது அவளுக்கும் தெரியும். அவள் அத்தாவோடு ஊர் ஊராகச் சுற்றியவள். சொல்கிறேன் என்றேன்.

உறையை விரித்து வண்டியை மூடினாள். ஓரங்களை இழுத்துவிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"எத்தனை தடவை சுத்துனாருன்னு அம்மா கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"கை மரத்துப் போற வரைக்கும் சுத்துனாருன்னு சொல்லும்மா" என்றேன்.