நிரை முனையில் கட்டிய சிவப்பு

பதினேழு வருடமாக ஆசிரியர் வேலை. 'தெரியாது', 'மறந்துவிட்டேன்' என்ற சொற்கள் மாணவர்கள் முன்னால் என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. அந்தத் திமிர்தான் என்னைக் கொண்டுபோய்க் கவிழ்த்தது.

ஈப்போவிலிருந்து பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ரிங்லெட் மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் முகாம். காட்டில் மாட்டிக்கொண்டால் எப்படிப் பிழைப்பது என்று பாடம். ஈர விறகில் தீ மூட்டினோம், தார்ப்பாயில் கூடாரம் போட்டோம். அடுத்தது, வழி தவறாமலிருக்க மரங்களில் அடையாளம் கட்டுவது. அதற்கு வாங்கிய நாடாவை வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்! சொல்ல வெட்கம். பக்கத்துத் தேயிலை நிரைகளின் முனையில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டுகள் தொங்கின. நாடாவுக்குப் பதில் அவற்றை அவிழ்த்து வரச் சொன்னேன்.

"சார், இத யாராச்சும் எதுக்காவது கட்டியிருப்பாங்க லா," என்றாள் மாணவி தாரணி.

"குப்பைம்மா. காத்துல வந்து மாட்டியிருக்கு. எல்லாத்தையும் அவுத்துட்டு வா."

காற்று வந்து முடிச்சுப் போடுமா? அதைக்கூட யோசிக்கவில்லை. மடையன்!

மறுநாள் காலை காட்டிலிருந்து இறங்கி வந்தபோது, செம்மண் பாதையில் பச்சைக் கொழுந்து மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. கொழுந்து எடுத்த பெண்கள் குழாயடியில் கைகால்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கங்காணி மூர்த்தி, பூச்சிமருந்தடிக்கும் சுபத்ராவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"மருந்தடிச்ச நெரைக்கு செவப்பு கட்டணும்னு தெரியாதா? கொழுந்து எடுக்கிறவங்க பாட்டுக்கு உள்ள எறங்கிட்டாங்க. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத. தோட்டத்து லைன் வீட்டையும் காலி பண்ணு!"

"கட்டினேன் ஐயா. சாமி சத்தியமா ஒவ்வொரு நெரைக்கும் கட்டினேன்."

"கட்டினது றெக்க மொளச்சு பறந்துபோச்சா?"

மாணவர்கள் என்னையே பார்த்தார்கள். ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வேன் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

"சார், நம்மதானே..." என்று தொடங்கினாள் தாரணி.

"வாய மூடிக்கிட்டு வேன்ல ஏறு," என்றேன்.

வரும்போது வேன் கூரை அதிரப் பாடிய பிள்ளைகள். இப்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோட்டத்து வாசலைத் தாண்டியதும் என்னால் தாங்க முடியவில்லை. வேனை நிறுத்தச் சொல்லி, வந்த மேட்டிலேயே திரும்பி ஓடினேன்.

"கங்காணி ஐயா, அவுத்தது நாந்தான். குப்பைன்னு நெனச்சுட்டேன். இந்த அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். கங்காணியோ சிரித்துவிட்டார்.

"அடடா, வாத்தியாரா! தெரியாம நடந்ததுதானே சார், விடுங்க. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" பிறகு சுபத்ராவைப் பார்த்துக் கையை வீசினார். "ஏ, போ, போயி வேலையப் பாரு."

அவ்வளவுதான். சுபத்ராவுக்கு ஒரு சமாதான வார்த்தை கிடையாது. அவருக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அழுது அழுது கண் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் இரண்டு கைகளையும் கூப்பிவிட்டார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

"நல்ல வேள சார், திரும்பி வந்து சொன்னீங்க. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்."