தீவில் போட்ட இலை

ஆற்று முகத்துவாரத்துத் தீவுக்கு ஒரு நாள் சுற்றுலா வருகிறவர்களுக்கு என் மருமகள் வினிதாதான் வழிகாட்டி. மீன் சாப்பாடும் ஒயினும் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை என்னையும் படகில் ஏற்றிக்கொண்டாள்.

என் மகன் கலைவாணன் கடலுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. படையல் போட்டால் அவன் செத்துப்போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன்.

வந்தவர்கள் சாப்பிட்டு முடித்ததும் வினிதா கடலைப் பார்த்து ஓர் இலை போட்டாள். சோறும் வறுத்த வஞ்சிரமும் ஒரு கிளாஸ் ஒயினும் வைத்தாள்.

"இது யாருக்குங்க?" என்று கேட்டார் ஒரு பயணி. அவள் என்னைப் பார்த்தாள்.

"அவன் இதெல்லாம் தொட மாட்டானே. சாராயந்தான் கேப்பான்," என்றேன்.

"இங்க இதான் இருக்கு அத்தை. திட்டிக்கிட்டே குடிப்பாரு."

படையலுக்கு இறந்தவரைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். புருஷன் பேரை அவள் சொல்ல மாட்டாள்.

"நீங்க கூப்பிடுங்க அத்தை. இன்னும் எத்தனை வருசம் நான் வாசலப் பாத்துக்கிட்டே இருக்குறது?"

காற்றில் இலைமேல் மணல் விழுந்தது. அதைத் தட்டிவிட்டேன்.

"கலைவாணா, சோறு ஆறுது," என்றேன். "வந்து சாப்பிட்டுப் போப்பா."