கறுப்புத் துணி போர்த்திய நாற்காலி

ஆர்லீத்தா அம்மாவின் நாற்காலி கறுப்புத் துணிக்குள் கிடந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், கறுப்பினத்தவரான அவர்களுடைய சபையின் வழக்கம் அது. இறந்தவர் உட்கார்ந்த இடத்தை ஒரு மாதம் மூடி வைப்பார்கள். இந்தப் பிரசவ இல்லத்திலோ, மூன்று வருஷமாகியும் துணியை எடுக்க, அவளுக்குப் பின் இல்லத்தை நடத்தும் வெர்னீசுக்கு மனம் வரவில்லை. இல்லத்தைத் தொடங்கிய அந்த அம்மாள் இருபது வருஷம் அறக்கட்டளைகளுக்குப் பண உதவி கேட்டு மனுப் போட்டே ஓய்ந்து போனாள். "இன்னும் வளர்ந்து வாருங்கள்" என்பார்கள் ஒவ்வொரு முறையும். பக்கத்துத் தெருவில் வெள்ளைக்காரர்கள் போன வருஷம் இதே வேலையைத் தொடங்கினார்கள். கேட்டதும் பணம் கிடைத்தது. வயிறு எரியாதா?

வெர்னீஸ் தனியாக இருக்கும்போதெல்லாம் அந்த நாற்காலி கிரீச்சிடும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இன்று அறக்கட்டளையிலிருந்து ஒரு பெண்மணி வருகிறாள். இதுவும் கைகொடுக்காவிட்டால் மாதக் கடைசியில் இல்லத்துக்குப் பூட்டுதான்.

"துணிய எடுத்துரு வெர்னீஸ்," என்றார் சபை மூப்பர் லூசியஸ். "வாரன அதுல உக்கார வை."

"சும்மா உதவிக்குப் புல்லு வெட்ட வர்ற மனுசனையா? ரிட்டையர்டு பல் டாக்டருண்ணே அவரு! பிரசவத்தப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். மேசையில வெள்ள மூஞ்சி ஒண்ணு இருந்தா போதும். எத்தன தடவ பாத்துட்டேன்!"

வெர்னீஸ் துணியை மடித்து இழுப்பறையில் வைத்தாள்.

அறக்கட்டளைப் பெண்மணி வந்ததும் நேராக அம்மாவின் நாற்காலியில் இருந்த வாரனிடம் போய்க் கைகுலுக்கினாள். வெர்னீஸ் பதில் சொல்லச் சொல்ல, வாரனைப் பார்த்தே தலையாட்டினாள்.

"நான் தோட்ட வேலைக்கு வர்றவன். எல்லாம் இவங்கதான்," என்றார் வாரன், முகம் சிவந்து.

"என்ன ஒரு தன்னடக்கம்!" என்று அவள் சிரித்தாள்.

அவள் இருந்த நேரம் முழுக்க நாற்காலி சத்தமே போடவில்லை. வெர்னீசுக்கு அதுதான் பயமாக இருந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஐந்து வருஷத்துக்குப் பணம் உண்டு. ஒரே நிபந்தனை, வாரன் தலைமைப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

"வேணாம்னு சொல்லிரவா?" என்று கேட்டாள் வெர்னீஸ்.

லூசியஸ் வாயைத் திறக்குமுன் பக்கத்து அறையில் ஒரு பெண் வலியில் கத்தினாள்.  வெர்னீஸ் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு இழுப்பறையைத் திறந்து துணியை எடுத்தாள்.

"மறுபடியும் அம்மா நாற்காலிக்கா?"

"இல்லண்ணே."

தன் நாற்காலிமேல் அதைப் போர்த்தி, ஓரங்களை நீவிவிட்டாள். பின்னால் அந்தப் பழைய நாற்காலி கிரீச்சிட்டது. இந்த முறை அவள் திரும்பிப் பார்த்தாள்.